டேப்பட் பேசட்டும்



உங்கள் வீட்டில் ஒலிக்கும் இந்த வானொலிக்கும் இத்தாலிய மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. டுகாட்டி என்றதும் இன்றைக்கு நமக்குச் சிவப்பு ரேஸ் பைக்தான் கண்ணில் நிற்கும். ஆனால் 1926-ல் பொலோன்யா நகரத்தில் அந்தக் கம்பெனி பிறந்தது வானொலிப் பாகங்கள் செய்வதற்காக. வானொலியின் முன்னோடி மார்க்கோனி பிறந்த ஊர் அது. அட்ரியானோ டுகாட்டி என்ற இளைஞருக்கு வானொலிப் பித்து. அவரும் சகோதரர்களும் தகப்பனாரும் சேர்ந்து ஆரம்பித்த தொழிலில் முதலில் வெளிவந்த சரக்கு, 'மானென்ஸ்' என்று பெயரிட்ட ஒரு கண்டென்சர். 1944 அக்டோபரில் விமானக் குண்டுவீச்சு அந்தத் தொழிற்சாலையை நொறுக்கிப் போட்டது. போர் முடிந்தபின், 1946-ல், சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் 'குச்சொலோ' என்ற சின்ன என்ஜினைச் செய்ய ஆரம்பித்தார்கள். இத்தாலிய மொழியில் அதற்கு நாய்க்குட்டி என்று பொருள். அந்த நாய்க்குட்டியின் வழியாகத்தான் மோட்டார் சைக்கிள் அந்த வீட்டுக்குள் நுழைந்தது.

கண்டென்சரிலிருந்து பேச்சை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பற்றவைப்பு மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்ட் வைத்த பழைய வண்டி எதுவானாலும் அதில் விரல் பருமனில் ஒரு கண்டென்சர் இருக்கும். பாயிண்ட் திறக்கிற நொடியில் அங்கே தீப்பொறி தாவிவிடாமல் மின்சாரத்தை வாங்கி அடக்கிக்கொள்வது அதன் வேலை. அது அடக்கினால்தான் காயிலில் இருக்கும் காந்தப்புலம் சட்டென்று சரிந்து, ப்ளக்கில் கனமான பொறி விழும். அந்தச் சின்னப் பொருள் கெட்டுப்போனால் வண்டி வேடிக்கை காட்டும். காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், அரைமணி நேரம் ஓடும். என்ஜின் நன்றாகச் சூடேறியதும் இருமும், திணறும், நின்றுவிடும். மர நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஓடும். கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், பெட்ரோல் டியூபை ஊதுவார்கள், டேங்க் மூடியில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குற்றவாளி அந்த விரல் பருமன் சாமானாக இருக்கும்.

பழைய இத்தாலிய வண்டிகளைப் பராமரிப்பதிலும் மாற்றி அமைப்பதிலும் எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டு. அந்த வண்டிகளுக்கு நன்மை செய்கிற மாற்றங்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை. பார்த்தவுடன் தெரிகிற மாற்றங்களில் பெரும்பாலானவை அவற்றைக் கெடுப்பவை. இதை மோட்டோ குட்ஸி வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

வட இத்தாலியில் கோமோ ஏரியின் கரையில், மலையடிவாரத்தில், மாண்டெல்லோ டெல் லாரியோ என்று ஒரு சிற்றூர். 1921-லிருந்து மோட்டோ குட்ஸிக்கு அதுதான் ஊர். முதல் உலகப் போரில் கடற்படை விமானப் பிரிவில் ஒன்றாக இருந்த மூன்று நண்பர்கள் கண்ட கனவு அது. கார்லோ குட்ஸி மெக்கானிக், ஜார்ஜோ பரோடி விமானி, பணக்கார வீட்டுப் பிள்ளை. மூன்றாமவர் ஜொவானி ரவெல்லி, அவரும் விமானி. போர் முடிந்த சில காலத்திலேயே விமான விபத்தில் ரவெல்லி இறந்துபோனார். அவர் நினைவாகத்தான் அந்த வண்டிகளின் டேங்கில் இன்றும் கழுகு சிறகு விரித்திருக்கிறது.

ஜூலியோ சேஸரே கார்க்கானோ வடிவமைத்த 'வி7' என்ற குட்ஸி 1965-ல் மிலான் கண்காட்சிக்கு வந்தது, 1967-ல் விற்பனைக்கு வந்தது. 703 சிசி. இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில 'வி' எழுத்துபோல் 90 டிகிரியில் விரிந்து, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னால் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செயின் கிடையாது, பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட். போலீஸ்காரர்கள் நாள் முழுக்க ஓட்ட வேண்டும், பட்டறையில் சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்பதை மனத்தில் வைத்துச் செய்த வண்டி. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ்கூட இதை வாங்கி ஓட்டியது. சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அழகுக்காக இல்லை. காற்றும் படும், கையும் எட்டும்.

கை எட்டுவதன் அருமை டேப்பட் வைக்கும்போதுதான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும்போதுதான், தெரியும். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு முக்காலியைப் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சிலிண்டர் தலை உங்கள் நெஞ்சுக்கு நேராக இருக்கும். டேங்கைக் கழற்ற வேண்டாம், ஒரு பாகத்தையும் அகற்ற வேண்டாம். வால்வு மூடியின் ஆலன் போல்ட்டுகளை எடுத்தால் போதும், ராக்கர்கள் ஆயில் பூசிப் பளபளவென்று தெரியும். வலது பக்கம் கிளட்ச் கூட்டில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கிறது. அதைப் பிடுங்கினால் ஃபிளைவீலின் விளிம்பு தெரியும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு என்ஜினை மெல்லச் சுற்றினால் அந்த விளிம்பில் 'டி' என்ற எழுத்து வரும், பிறகு 'எஸ்' வரும். இத்தாலிய மொழியில் தெஸ்த்ரா, சினிஸ்த்ரா. வலது, இடது. வலது சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருக்கையில் 'டி' நேராக நின்றால், அந்தப் பக்கத்து டேப்பட்டைத் தொடலாம்.

ஃபீலர் கேஜின் தகட்டை அந்த இடைவெளியில் நுழையுங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். தகடு தொளதொளவென்றும் போகக் கூடாது, இறுகிச் சிக்கவும் கூடாது. ஈரக் காகிதத்தை இரண்டு விரலுக்கு நடுவே உருவுவது போன்ற ஒரு பிடிப்பு. அது கைக்குத்தான் தெரியும், வாயால் சொல்லித் தர முடியாது. பிறகு லாக் நட்டை இறுக்குவீர்கள். இறுக்கும்போது ஸ்க்ரூவும் ஒரு மயிரிழை கூடவே திரும்பிவிடும். அதனால் இறுக்கியபின் தகட்டை இன்னொரு முறை நுழைத்துப் பார்க்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இன்னொரு முறையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

டேப்பட் 'டிக் டிக்' என்று பேசினால் பலருக்கும் பதற்றம். பேசட்டும். இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது சத்தம் நின்றுபோகும்போது. இடைவெளி குறைந்துபோனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது. அந்த வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்கிவைப்பது, மூடி உட்காரும் நேரத்தில் சீட் வழியாகத்தான். உட்கார இடமில்லாமல் போனால் அது எரிந்துபோகும்.

இனி அந்த வண்டிகளின் உண்மையான வியாதிக்கு வருகிறேன். 1960-களின் கடைசியிலிருந்து 1970-கள் வரை வந்த பல குட்ஸிகளில் சிலிண்டர் அலுமினியம், உட்சுவரில் குரோம் பூச்சு. ஓடிக்கொண்டே இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். ஈரமான கொட்டகையில் வருஷக் கணக்கில் நின்றால் குரோமுக்கு அடியில் அரிப்பு பிடித்து, பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடும். செதில் ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போகும். ஆரம்பகால வி7-ல் ஆயில் ஃபில்டரே கிடையாது, ஒரு கம்பி வலை மட்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டில் காந்தம் வைத்தாலும் குரோம் அதில் ஒட்டாது. வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஜரிகைத் தூள்போல மின்னினால், வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இந்தச் சிலிண்டரைக் கடைந்து போர் போட முடியாது. பூச்சு போனால் சிலிண்டர் போச்சு. இதற்கு வழி அதே ஊரில் இருக்கிறது. மாண்டெல்லோவிலேயே உள்ள கிலார்டோனி நிறுவனம் நிக்கலில் சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சுள்ள சிலிண்டர்களைச் செய்கிறது. 'நிகுசில்' என்பார்கள். மாட்டியபின் வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. என்னைக் கேட்டால் பழைய குட்ஸிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

இதே குணமுள்ள இன்னொரு மாற்றம் ஹெட்லைட் ரிலே. ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் அத்தனையும் ஹேண்டில்பார் ஸ்விட்ச் வழியாகப் போய்த் திரும்புகிறது. 55 வாட் பல்பு கிட்டத்தட்ட ஐந்து ஆம்பியர் இழுக்கும். நாற்பது, ஐம்பது வருஷத்து ஸ்விட்ச் முனையும் மெல்லிய ஒயரும் பாதி வழியிலேயே வோல்ட்டைத் தின்றுவிடுகின்றன. வெளிச்சம் சாணி நிறத்துக்கு மங்கிவிடும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தடித்த ஒயர் ஒன்றைக் கொண்டுபோய் ரிலேயில் சேர்த்து, ஸ்விட்ச்சுக்கு அந்த ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் கொடுத்தால், அதே பல்பு இரவை வெளுக்கும். விலை சொற்பம், ஒரு சாயங்கால வேலை. பிரேக்கின் பழைய ரப்பர் ஹோஸை மாற்றுவதும் இந்த வரிசைதான். பழைய ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி வழி அடைத்திருக்கும்.

எதிர்ப்பக்கம், கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள். ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு கார்புரேட்டர் வாயில் கூம்பு ஃபில்டர் மாட்டுவார்கள். சைலன்சரின் உட்குழாயைப் பிடுங்குவார்கள். சத்தம் கூடியதும் வேகமும் கூடியதாக மனசு நம்பிவிடும். இந்த வண்டிகளின் டெல்லோர்ட்டோ கார்புரேட்டரின் ஜெட்டுகள் அந்த ஏர் பாக்ஸின் மூச்சுக்கும் அந்தச் சைலன்சரின் மூச்சுக்கும் அளந்து வைத்தவை. காற்று கூடி, பெட்ரோல் கூடாமல் போனால், தலை சூடேறும், நடு வேகத்தில் வண்டி தயங்கும். 1976-ல் வந்த 850 லெ மான்ஸ் என்ற குட்ஸி 36 மில்லிமீட்டர் கார்புரேட்டர்களோடு ஃபில்டரே இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வந்தது உண்மைதான். அதன் ஜெட்டுகளும் அதற்கேற்றவை.

என் மனசு அதிகம் வலிப்பது சேசிஸை அறுக்கும்போது. சீட்டைச் சின்னதாக்கி கஃபே ரேஸர் ஆக்குவதற்காகப் பின்பக்கக் குழாயை கிரைண்டரால் வெட்டுகிறார்கள். 1971-ல் வி7 ஸ்போர்ட்டுக்காக லீனோ டோன்டி வரைந்த சேசிஸ் அது. கீழ்க் குழாய்கள் இரண்டும் போல்ட்டில் கழன்று வரும். அவற்றைக் கழற்றினால் என்ஜினைத் தரையில் இருத்திவிட்டு மேற்பகுதியைத் தூக்கிவிடலாம். பின்னால் வரப்போகிற மெக்கானிக்கின் முதுகை நினைத்து ஒருவர் போட்ட கோடு. அதில் கிரைண்டர் வைக்க எனக்குக் கை வராது.

கால் பிரேக்கை மிதித்தால் பின் டிஸ்கும் முன்னால் ஒரு டிஸ்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு 1970-களின் நடுவில் குட்ஸியில் வந்தது. பலரும் அதைப் பிரித்துவிடுகிறார்கள். மழை ஈரச் சாலையில் நீண்ட தூரம் போகிற வண்டியில் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

டுகாட்டிக்கு வேறு பொறுமை வேண்டும். ஃபாபியோ தாலியோனியின் டெஸ்மோ என்ஜினில் வால்வை மூட ஸ்பிரிங்கை நம்புவதில்லை. திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொரு ராக்கர். 1972-ல் இமோலா பந்தயத்தில் பால் ஸ்மார்ட் ஜெயித்த வண்டியும் அந்த ரகம்தான். இரண்டு ராக்கர் இருப்பதால் ஒவ்வொரு வால்வுக்கும் இரண்டு இடைவெளி பார்க்க வேண்டும். மூடும் பக்கத்தில் நகக்கண் அளவில் இரண்டு அரைவளையங்கள் உண்டு. என்ஜினின் வாய்களில் துணி அடைக்காமல் அவற்றைத் தொட்டவர்கள் மறுநாள் காந்தக் குச்சியோடு உள்ளே துழாவிக்கொண்டிருப்பார்கள். பிற்பாடு 1979-ல் வந்த பாண்டா என்ற டுகாட்டியில், கேம்ஷாஃப்டைச் சுழற்றப் பல்சக்கரத் தண்டுக்குப் பதில் ரப்பர் பெல்ட். அது ஓடினாலும் தேயும், சும்மா நின்றாலும் மூப்படையும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பழைய பாண்டா வாங்குகிறவர் ஓடிய கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன் பெல்ட் மாற்றிய தேதியைக் கேட்க வேண்டும்.

ஒரு காரியத்தை மட்டும் எந்த வண்டிக்கும் தவறாமல் செய்யச் சொல்வேன். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தை எறியாதீர்கள். துடைத்து, ஆயில் தடவி, துணியில் சுற்றி, எந்த வருஷம் எதற்காகக் கழற்றியது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி, மரப்பெட்டியில் போட்டு வையுங்கள். பாயிண்ட் தட்டு, அந்தக் கண்டென்சர், குரோம் உரிந்த சிலிண்டர்கூட. ஒரு நாள் வண்டியை வேறொருவர் வாங்க வருவார். ஸ்டார்ட் செய்து காட்டுவீர்கள். குட்ஸியாக இருந்தால், ஆக்ஸிலரேட்டரை ஒரு முறை முறுக்கியதும், வண்டியின் நீளவாக்கில் அமைந்து சுழலும் கிராங்கின் உதைப்பில் வண்டி மெல்ல வலப்பக்கம் சாய்ந்து நிமிரும். அவர் முகம் மலர்ந்ததும், பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுங்கள்.