அளவியை அளத்தல்



படைவீரர் அணியும் கதிர்வீச்சு அளவி ஒன்று புதிதாக வருமாயின், அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். அணுக்கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மணமும் இல்லை. எனவே வீரர் தம் ஐம்புலனை விட்டு, மார்பில் அணிந்த சிறு கருவியையே நம்புகிறார். அந்நம்பிக்கைக்கு அக்கருவி தகுதியுடையதா என்று ஆராய்வது நம் கடமையாகும்.

1946ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பசிபிக் கடலின் பிக்கினிப் பவளத்தீவில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. ஏறத்தாழ 42,000 பேர் அப்பணியில் இருந்தனர். படச்சுருள் அளவியைப் பெற்றோர் அவருள் ஆறில் ஒரு பங்கினும் குறைவு. குழுவுக்கு ஒருவர் அணிந்தால் ஏனையோர் பெற்ற அளவையும் கணித்துவிடலாம் என்று கருதினர். நீருக்கடியில் நிகழ்ந்த இரண்டாம் வெடிப்பு, கதிரியக்க நீரைக் கப்பல்கள்மீது வாரி இறைத்தது. அவற்றைக் கழுவ மாலுமிகள் சென்றனர். படச்சுருள் காமாக் கதிரைக் காட்டியது. புளூட்டோனியம் உமிழும் ஆல்ஃபாக் கதிரைக் காட்டவில்லை. மூச்சுவழி உடலினுள் புகும் துகளையும் அது அறியாது. ஆகஸ்டு 10ஆம் நாள் அத்தூய்மைப் பணி நிறுத்தப்பட்டது.

அதன்பின் கருவிகள் வளர்ந்தன. லித்தியம் ஃபுளோரைடுப் படிகம், தான் ஏற்ற கதிரின் அளவைச் சூடேற்றும்போது ஒளியாக வெளியிடும். ஒருமுறை படித்தால் பதிவு அழிந்துவிடும். அலுமினியம் ஆக்சைடு அளவியை ஒளி பாய்ச்சி மீண்டும் படிக்கலாம். மின்னணு அளவியோ அந்நொடியே எண்ணைக் காட்டி எச்சரிக்கும். ஆயினும் மின்கலம் தீர்ந்தால் அது ஊமை.

ஆகவே புதிய கருவியிடம் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். அளவு தெரிந்த கதிரின்முன் வைத்தால் சரியான விடை தருகிறதா? பக்கவாட்டில் வரும் கதிரையும் உணர்கிறதா? வெப்பம், ஈரப்பதம், அதிர்வு, வானொலி அலை ஆகியவற்றைத் தாங்குமா? எந்தக் கதிரை அது காணாது? ஆபத்துள்ள இடத்திற்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் அது கிடைக்குமா?

இறுதி இரண்டு வினாக்களையும் ஆய்வுக்கூடம் மட்டுமே தீர்த்துவிட முடியாது. அளவி சுழியத்தைக் காட்டினால், கதிர் இல்லை என்பது ஒரு பொருள். கருவிக்கு அது தெரியவில்லை என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டையும் பிரித்தறியும் பயிற்சியை வகுப்பறையிலேயே தொடங்குவோமாக.