மேசைமேல் இருக்கும் விமானம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கண்காட்சி மேசையில் இருக்கும் அட்டை விமானத்தைப் பார்த்த ஒரு பாட்டி, “குண்டு போட்ட பிளேனை ஏம்ப்பா பள்ளிக்கூடத்துல வச்சிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்காகவே இந்தச் சில வார்த்தைகள்.

சென்ற ஆண்டு மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்டு நிற்கையில், போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் இங்கே ஒதுங்கினார்கள் என்று சொன்னேன். “எந்தப் பிளேன் சார்?” என்று பையன்கள் பிடித்துக்கொண்டார்கள்.

1941 டிசம்பர் 8, விடியற்காலை நான்கு மணிக்கு மேல். இந்தோசீனாவிலிருந்து வந்த 17 ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர்மீது குண்டு வீசின. தெருவிளக்குகள் அணைக்கப்படவில்லை. ஒத்திகை என்றே பலர் நினைத்தார்களாம். ராஃபிள்ஸ் பிளேஸிலும் சைனாடவுனிலும் குண்டுகள் விழுந்தன.

அந்த விமானம் மிட்சுபிஷி ஜி3எம். இறக்கை முனைக்கு முனை 25 மீட்டர். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 35 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் அடிக்கோல் போதவில்லை! குண்டுகள் உடலுக்குள் இல்லை, வயிற்றுக்கு வெளியே தொங்கும். இரட்டை வால் நேராக நிற்காமல் மூன்று முறை பிய்த்து ஒட்டினோம். வீட்டுச் சோற்றுமேசையெல்லாம் பசையாகி நான் ஏச்சு வாங்கியது வேறு கதை.

வேலை முடியும் சமயம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், கீழே இருந்தவங்க எவ்வளவு பெருசு இருப்பாங்க?”

நான் அதை யோசிக்கவே இல்லை. கணக்குப் போட்டோம். ஐந்தரை அடி ஆள் இரண்டேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறார். ஏறக்குறைய அரைத் தீக்குச்சி. அன்று இறந்தவர் 61 பேர், காயமடைந்தவர் 700க்கும் மேல். பிள்ளைகள் 31 குச்சிகளை எண்ணி எடுத்து, மருந்தைக் கிள்ளிவிட்டு, இரண்டிரண்டாக ஒடித்துப் பலகையில் நட்டார்கள். ஒரு துண்டு மிஞ்சியது. அந்தப் பெண் அதை ஓரமாகத் தனியே நட்டாள்.

“இது யாரும்மா?”

“எங்க கொள்ளுத்தாத்தா சார். அப்போ சிராங்கூன் ரோட்டுலதான் இருந்தாராம். தப்பிச்சி அப்புறம் இந்தத் தோட்டத்துக்கு வந்தாராம்.”

பாட்டி, விமானத்தைத் தூக்கிவிடாதீர்கள், வால் இன்னும் சரியாகக் காயவில்லை. கீழே இருக்கும் பலகையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.