முடிவெடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை



உள்ளாட்சி, மக்கள், இதழ்கள் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பற்றிய இந்தக் கருத்தரங்கைப் பெங்களூரில் ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் நடத்தியிருக்கலாம். ராபர்ட்சன்பேட்டையில் நடத்துவதற்காக அமைப்பாளர்களுக்கு நன்றி. இந்த மூன்றும் பேசாமல் போனால் ஓர் ஊர் என்ன பாடுபடும் என்பதைக் கோலார் தங்கவயல் என்ற இந்த ஊர் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து மைன்ஸ் பகுதியில் கம்பெனிதான் சர்க்கார். வீடும் தண்ணீரும் ஆஸ்பத்திரியும் அதன் கையில் இருந்தன. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த நம் முன்னோர்க்கு அறிவிப்பு வரும், விளக்கம் வராது. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய ஏற்பாடானது. குற்றவாளிக்குச் செய்வதைத் தங்களுக்குச் செய்கிறார்கள் என்று கொதித்தவர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். கூலிக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் பல உண்டு. இது மானத்துக்காக நடந்தது. எவரையும் கலந்துகொள்ளாமல் எடுத்த ஒரு முடிவு அதற்குக் காரணம்.

அதே கம்பெனிக் காலத்தில் இந்த ஊர் தன் குரலுக்கு ஒரு வழியும் கண்டது. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்கு இங்கே ஆர்வமுள்ள வாசகர்கள் இருந்தார்கள். பண்டிதர் மறைந்து, இதழும் நின்றுபோன பின், 1926-இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை இங்கிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கிக் காத்ததும் இவ்வூர்ச் சித்தார்த்த புத்தகசாலைதான். பூமிக்குள் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். இன்றைய இதழியல் துறை மாணவர்கள் எத்தனை பேருக்கு இது பாடமாக இருக்கிறது என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

இப்போது வெளியூர்ச் செய்தியாளர்கள் வருவது பெரும்பாலும் தங்கத்தைத் தேடித்தான். 2018-இல் வந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படத்தால் நம் ஊரின் மூன்றெழுத்து இந்தியா முழுவதும் தெரிந்துவிட்டது. நகரசபைக் கூட்டத்தில் உட்கார்ந்து, எந்த வார்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று எழுத வருகிறவர்கள் அரிது.

பின்னாளில் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-இல் மூடப்பட்டபோது வேலை மட்டும் போகவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்ற தெளிவும் போயிற்று. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டின் பட்டா, சாக்கடை, தெருவிளக்கு ஒவ்வொன்றுக்கும் எந்த அலுவலகம் பொறுப்பு என்று வயதானவர்கள் இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர்களோ விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்புகிறார்கள். வேலை நாளின் பகலில் குறைகேட்புக் கூட்டம் வைத்துவிட்டு, மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

மொழியும் ஒரு சுவராக நிற்கிறது. கர்நாடகத்தின் ஆட்சிமொழி கன்னடம். அதில் நமக்கு வழக்கில்லை, நம் பேரப்பிள்ளைகள் அதைப் படித்து முன்னேறட்டும். ஆனால் தமிழ் எழுத்து மட்டுமே அறிந்த பாட்டிக்கு வரி நோட்டீசு புரிய வேண்டாமா? எந்தக் குறையையும் மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 350-ஆம் பிரிவு. மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு உள்ள இடங்களில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடுவது நல்லது என்று 1956-லேயே ஒன்றிய அரசின் குறிப்பாணை கூறியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவோ, யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. சட்டத்துக்குப் பஞ்சமில்லை. அதைக் காட்டிக் கேட்கிறவர்கள்தான் குறைவு.

மக்களைக் கலந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்ற கேள்வி பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2024 ஜூனில், சுமார் ஆயிரம் ஏக்கரில் பரந்து கிடக்கும் 13 சுரங்கக் கழிவு மேடுகளில் மீண்டும் தங்கம் எடுப்பதற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. நாம் சைனைட் மேடு என்று சொல்வது இவற்றைத்தான். ஆடிக் காற்றில் இவற்றின் தூசி சோற்றுத் தட்டில் விழுவதை அறிந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். மேட்டைக் கிளறினால் தூசி என்னாகும்? தண்ணீர் எங்கிருந்து வரும்? வேலை யாருக்கு? இவை திட்டம் தொடங்கிய பிறகு கேட்கும் கேள்விகள் அல்ல.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், மக்கள் சொன்னவற்றைக் கூட்டத்தின் முடிவில் வாசித்துக் காட்டவும் வேண்டும். அப்படியொரு கூட்டம் இங்கே வருமானால் அது ஞாயிற்றுக்கிழமை நடக்கட்டும். தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் கன்னடத்தோடு தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கட்டும். நகரசபை தன் பங்குக்கு, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் அதிகாரியின் பெயரை ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்டட்டும். கன்னட, தமிழ்ச் செய்தியாளர்கள் சேர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தின் முடிவில் வாசிக்கப்படுவது மக்கள் பேசியதுதானா என்று சரிபார்க்க வேண்டும்.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் அறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். மதிய உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் சாம்பியன் ரீஃப் லைன்களுக்குப் போய்வாருங்கள். நாளைய அமர்வின் தீர்மானங்களை அதன்பிறகு எழுதலாம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.