மானியம் யாருடையது? பாடம் யாருடையது?

(வாலிபர்களுக்கான பொருளாதார மாலை வகுப்பின் துவக்கத்தில் ஆற்றிய உரை)



ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நமது வாலிபர்களுக்குப் பொருளாதாரம் சொல்லித்தர மாலை வகுப்பு நடத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். முடிவு செய்தவுடனே ஒரு பிரச்னை எழுந்திருக்கிறது. "இம்மாதிரி வகுப்புகளுக்கு இப்போது மானியம் கொடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டால் விளக்கு, பலகை, புத்தகம் எல்லாம் வந்துவிடும். வாங்கினால் என்ன?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். "முதலாளி பணம் நமக்கு எதற்கு? தொடவே கூடாது" என்று வேறு சில தோழர்கள் சொல்கிறார்கள். இரு தரப்பாரும் வகுப்பு நன்றாக நடக்க வேண்டுமென்ற கவலையில்தான் பேசுகிறார்கள். ஆகவே இந்தப் பிரச்னையையே நமது முதல் பாடமாக எடுத்துக்கொள்வோம். பணம் எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று கேட்பதுதானே பொருளாதாரம்!

அது யாருடைய பணம்?

மானியம் பல வழிகளில் வருகிறது. இரண்டு வழிகளை மட்டும் பார்ப்போம்.

ஒன்று, கம்பெனிகளின் பணம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ சொத்தோ விற்றுமுதலோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது. கல்வியும் அந்தக் காரியங்களில் சேர்த்தி. நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாய்! அந்த நூறு ரூபாயை உண்டாக்கியது யார்? கதிர் முன்னே நின்றவர்கள், மூட்டை சுமந்தவர்கள், பருத்தி எடுத்தவர்கள். உழைத்தவனிடமிருந்து நூறு ரூபாயை எடுத்து, இரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, அதற்குத் "தர்மம்" என்று பெயரும் சூட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது, பாங்குகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம். பத்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் வந்து கேட்காத டெப்பாசிட்டுகளை ரிசர்வ் வங்கியிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்காக 2014-ல் ஒரு தனி நிதி ஏற்பட்டது. பணம் போட்டவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இடையில், மக்களுக்கு நிதிக் கல்வி அளிக்கவும் அந்த நிதியைப் பயன்படுத்துகிறார்கள். புருஷன் இறந்தபின் பாஸ் புத்தகம் இருப்பதே தெரியாத விதவையின் பணமும், வேலை தேடி ஊர் விட்டு ஊர் போனவனின் பணமும் அதில் இருக்கும். அதுவும் மக்கள் பணம்தான்.

ஆகவே, மானியம் வாங்குவதாலேயே நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நம்முடையதில் ஒரு துளிதான் நம்மிடம் திரும்புகிறது. இதைத் "தொடவே கூடாது" என்று சொல்லும் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

எந்தப் பாடம்?

ஆனால், "வாங்கினால் என்ன?" என்று கேட்கும் தோழர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணத்தோடு கூடவே பாடமும் வருகிறது.

மானியத்தில் நடக்கும் வகுப்புகளில் என்ன சொல்லித்தருகிறார்கள்? சேமித்து வை, இன்ஷூரன்ஸ் எடு, வரவு செலவு எழுது, மோசடிக்காரரிடம் ஏமாறாதே என்கிறார்கள். இவை பயனுள்ள விஷயங்களே. பத்து வட்டிக்குக் கடன் வாங்கினால் வருஷத்தில் நூற்றுக்கு 120 ரூபாய் வட்டி என்பது நம் வாலிபர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய் குழுக் கடன். வட்டி 12 சதவீதம்தான் என்கிறான். வட்டி 1,200 ரூபாயையும் சேர்த்துப் பன்னிரண்டு மாதத் தவணையில் 11,200 ரூபாய் கட்டுகிறோம். மாதாமாதம் அசலும் குறைகிறது. ஆறு மாதத்தில் பாதி அசல் அவன் கைக்குப் போய்விடுகிறது. ஆனால் வட்டி மட்டும் கடைசிவரை முழுப் பத்தாயிரத்துக்கும்! கணக்குப் போட்டால் உண்மை வட்டி ஏறத்தாழ 22 சதவீதம். இதை யார் சொல்லித்தந்தாலும் கற்றுக்கொள்வோம்.

ஆனால் அந்த வகுப்பு ஒரு எல்லையில் நின்றுவிடுகிறது. "வருமானத்தில் மிச்சம் பிடி" என்று சொல்லும். வருமானம் ஏன் இவ்வளவுதான் என்று சொல்லாது. எட்டு மணி நேர வேலையில், முதல் மூன்று மணி நேரத்திலேயே தொழிலாளி தன் கூலிக்குச் சமமான மதிப்பை உண்டாக்கிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஐந்து மணி நேர உழைப்பு யாருக்கு? இந்தக் கேள்வி அந்தப் பாடப்புத்தகத்தில் இராது. நடவு முடிந்து அறுப்பு வரும்வரை வேலையே இல்லாத விவசாயத் தொழிலாளி எதை மிச்சம் பிடிப்பான்? இதற்கும் அங்கே பதில் இராது. வறுமைக்குக் காரணம் உன் அறியாமை என்று முடித்துவிடுவார்கள்.

ஆக்ஸ்போர்டில் நடந்தது

இது புதிய சண்டை அல்ல. இங்கிலாந்துத் தொழிலாளிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே சண்டையைப் போட்டார்கள்.

1899-ல் ஆக்ஸ்போர்டு நகரில் தொழிலாளர்களுக்கென்று ரஸ்கின் கல்லூரி துவக்கப்பட்டது. பணக்காரர்களின் நன்கொடையும் தொழிற்சங்கங்களின் பணமும் கலந்து அது நடந்தது. சுரங்கத் தொழிலாளிகளும் ரயில்வேத் தொழிலாளிகளும் சங்கத்தின் செலவில் வந்து படித்தார்கள். தாங்கள் சுரங்கத்தில் கண்ட வாழ்க்கைக்கும் வகுப்பில் கேட்ட பொருளாதாரத்துக்கும் பொருத்தமில்லை என்று கண்டார்கள். 1907-ல் அங்கே படிக்க வந்த நோவா ஆப்லெட் என்ற தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி, மாணவர்களிடையே மார்க்ஸின் பொருளாதாரத்தைப் பரப்பினார். 1908-ல் மாணவர்கள் "பிளெப்ஸ் லீக்" என்ற அமைப்பைக் கட்டினார்கள். கல்லூரியைப் பல்கலைக்கழகத்தின் பிடிக்குள் கொண்டுபோகும் ஏற்பாட்டை எதிர்த்தார்கள். மாணவர் பக்கம் நின்ற முதல்வர் டென்னிஸ் ஹேர்டை 1909-ல் நிர்வாகம் வெளியேற்றியது. மாணவர்கள் என்ன செய்தார்கள்? வேலைநிறுத்தம் செய்தார்கள்! வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. அதே 1909-ல் மத்தியத் தொழிலாளர் கல்லூரி என்று சொந்தக் கல்லூரியே கண்டார்கள். பின்னர் அது லண்டனுக்குப் போயிற்று. தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ரயில்வேத் தொழிலாளர் சங்கமும் அதைத் தாங்கின. சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் 1919 முதல் 1921 வரை அங்கே படித்தார். 1948-ல் இங்கிலாந்து மக்களுக்கு இலவச வைத்தியத் திட்டத்தைக் கொண்டுவந்த மந்திரி அவரே.

ஆனால் 1926 பொது வேலைநிறுத்தத்துக்கும், அதையொட்டிச் சுரங்கங்களில் மாதக்கணக்கில் நீடித்த கதவடைப்புக்கும் பிறகு சங்கங்களின் கஜானா காலியாயிற்று. 1929-ல் கல்லூரி மூடப்பட்டது. ஆனால் படிப்பு சாகவில்லை. ஊருக்கு ஊர் தொழிலாளர்களே நடத்திய மாலை வகுப்புகள் தொழிலாளர் கல்லூரிகளின் தேசியக் கவுன்சில் என்ற அமைப்பின் கீழ் 1964 வரை நடந்தன. பெரிய கட்டடம் விழுந்தது; சின்ன வகுப்புகள் நின்றன. இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

நமது நிபந்தனைகள்

ஆகவே நாம் சொல்வது இது. மானியத்தைக் கண்டு மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம். மூன்று நிபந்தனைகளை முன்வைப்போம்.

முதலாவது, என்ன படிப்பது, யார் சொல்லித்தருவது என்பதை வகுப்பில் உட்காருகிறவர்களே தீர்மானிக்க வேண்டும். "இதைப் பேசாதே" என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருந்தாலும் அதைக் கிழித்துப் போடுவோம்.

இரண்டாவது, வந்த பணம், செலவான பணம் இரண்டையும் மாதந்தோறும் வகுப்பின் முன்னே வாசித்துக் காட்ட வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையும் எழுந்து கேள்வி கேட்கலாம். அதுவும் பொருளாதாரப் பாடமே.

மூன்றாவது, வகுப்பு நடக்க அவசியமான செலவு, அதாவது விளக்கும் பலகையும் நோட்டும், நமது சந்தாவிலிருந்தே வர வேண்டும். மானியம் வந்தால் கூடுதல் புத்தகம் வாங்குவோம். நின்றால் புத்தகம் குறையும், வகுப்பு நிற்காது. சந்தா சிறிதாயிருக்கலாம். ஆனால் அதைக் கொடுப்பவன் வகுப்புக்குச் சொந்தக்காரன்.

இந்த மூன்றையும் ஏற்கிறவர்களிடம் பணம் வாங்கலாம். ஏற்காதவர்களிடம் ஒரு நயா பைசாவும் வேண்டாம்.

தோழர்களே! 1847-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஜெர்மன் தொழிலாளர்களின் முன்னே நின்றுதான் மார்க்ஸ் கூலியையும் மூலதனத்தையும் பற்றி விளக்கினார். பொருளாதாரம் பாடுபடுகிறவனுக்குப் புரியாத வித்தை அல்ல. அடுத்த வகுப்புக்கு ஆலைத் தோழர்கள் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். விவசாயத் தோழர்கள் சென்ற பருவத்தில் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று எழுதிக் கொண்டுவாருங்கள். வீட்டிலுள்ள கடன் அட்டையையும் எடுத்துவாருங்கள். அவைதான் நமது முதல் பாடப்புத்தகம். அதை அச்சிட யாருடைய மானியமும் தேவையில்லை.

படிப்போம்! ஒன்றுபடுவோம்! உழைப்பாளி வர்க்கம் வெல்க!