வேட்பாளர் சமயமும் வாக்காளர் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தேர்தல் நெருங்கிவிட்டால் நம் மைசூர் நகரில் பக்தியும் பெருகிவிடுகின்றது. ஒருவர் சாமுண்டி மலைக்குச் சென்று வணங்கிவிட்டு வேட்புமனு அளிக்கின்றார். மற்றொருவர் மடாதிபதியிடம் ஆசி பெறுகின்றார். இன்னொருவர் பள்ளிவாசல் வாயிலிலும் மாதா கோயில் வாயிலிலும் நின்று கைகூப்புகின்றார். மேடையில் அறம், ஒழுக்கம், பண்பாடு என்னும் சொற்கள் மழையெனப் பொழிகின்றன. இவற்றைக் கேட்கும்போது நம்மில் சிலருக்கு உள்ளம் குளிர்கின்றது. சிலருக்கு ஐயம் பிறக்கின்றது. பலருக்குச் சலிப்பே மிஞ்சுகின்றது. வாக்காளராகிய நாம் இப்பேச்சுகளை எவ்வாறு எடைபோடுவது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

சமயப் பற்று ஒரு குற்றமன்று. இதனை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் 1918-ஆம் ஆண்டு இந்நகருக்குத் தத்துவப் பேராசிரியராக வந்தார். 1921-இல் அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணாக்கர்கள் அவருடைய வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு புகைவண்டி நிலையம் வரை சென்றனர் என்பது இவ்வூரார் இன்றும் பெருமையுடன் சொல்லும் செய்தி. அவர் இந்து சமயத்தை உலகுக்கு விளக்கியவர். ஆயினும் மாணாக்கர்கள் அவர் சமயத்தைக் கண்டா வண்டியிழுத்தனர்? அவர் கற்பித்த கல்வியையும் காட்டிய அன்பையும் கண்டன்றோ இழுத்தனர்! அப்பேராசிரியரே 1962-இல் குடியரசுத் தலைவரானார். அவருக்குப்பின் 1967-இல் அப்பதவிக்கு வந்தவர் ஜாகிர் உசேன். 2002-இல் இராமேசுவரத்து அப்துல் கலாமும், சென்னையில் பிறந்த கேப்டன் லட்சுமி சேகலும் அதே பதவிக்குப் போட்டியிட்டனர். கலாம் தொழுகை தவறாதவர். லட்சுமி சேகலோ பொதுவுடைமைக் கொள்கையர். வென்ற கலாமை இன்று நாம் நினைவு கூர்வது அவர் எளிமைக்காகவும் உழைப்புக்காகவுமே.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே. நாம் நேரே வாக்களிப்பதில்லை. மக்களிடமே வாக்குக் கேட்டு அத்தகைய பதவிக்கு வர வேண்டிய அமெரிக்க நாட்டில், 1960-இல் கென்னடி கத்தோலிக்கர் என்பதே பெரும் வினாவாக எழுந்தது. அவர் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டு போதகர்கள் முன்னிலையில் நின்று, தாம் கத்தோலிக்க வேட்பாளர் அல்லர் என்றும், கத்தோலிக்கராகவும் இருக்க நேர்ந்த ஒரு கட்சியின் வேட்பாளர் என்றும் விடையிறுத்தார். சமயத்தை அவர் மறைக்கவுமில்லை. அதனை வாக்குக்கு விலையாக்கவுமில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழியையே காட்டுகின்றது. தேர்தலில் நிற்பவர் எடுக்கும் உறுதிமொழிக்கு அரசியலமைப்பு இரண்டு வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். அன்றி, உளமார உறுதி கூறலாம். தமிழகத்தில் 2016-இல் செல்வி ஜெயலலிதா முன்னதையும், 2021-இல் திரு. மு. க. ஸ்டாலின் பின்னதையும் கூறி முதலமைச்சர் பொறுப்பேற்றனர். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே.

ஆனால் 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123-ஆம் பிரிவில் ஓர் எல்லையை வகுத்துள்ளது. சமயம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றைக் காட்டி வாக்குக் கேட்பது தேர்தல் முறைகேடு. 1987-இல் பம்பாயில் நடந்த வில்லே பார்லே இடைத்தேர்தலில் வென்றவர், இக்குற்றத்தால் வெற்றியை இழந்தார். 1995-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. வேட்பாளரின் சமயத்தை மட்டுமன்றி, வாக்காளரின் சமயத்தைக் காட்டிக் கேட்பதும் குற்றமே என்று 2017 சனவரி 2-இல் எழுவர் கொண்ட அமர்வில் நால்வர் தீர்ப்பளித்தனர். மற்ற மூவரோ, சமயத்தாலும் சாதியாலும் மொழியாலும் இடர்ப்பட்டோர் தம் குறையைத் தேர்தல் களத்தில் எடுத்துரைப்பதைத் தடுத்தலாகாது என்று கருதினர். அக்கவலையும் புறக்கணிக்கத் தக்கதன்று.

அன்பர்களே! அப்பட்டியலின் இறுதியில் நிற்கும் 'மொழி' என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். அஃது நம்மைப் பற்றியது. நம் காலனிக்கு ஒரு வேட்பாளர் வந்து, "நானும் தமிழன், தமிழர் வாக்கு தமிழனுக்கே" என்று சொன்னால் நம் உள்ளம் பூரிக்கின்றது. அதே தேர்தலில் வேறொருவர் தம் சமயத்தைச் சொல்லித் தம்மவரிடம் வாக்குக் கேட்டால், "இது தகுமா?" என்று நாம் முகம் சுளிக்கின்றோம். ஒன்றைத் தவறென்போர் மற்றொன்றைச் சரியென்றல் எங்ஙனம்? மேலும், வந்த நாட்டில் சிறுபான்மையாய் வாழும் நமக்கு இது வெறும் நியாய விசாரணை மட்டுமன்று. மொழிக்கு ஓர் வாக்கு என்னும் கணக்கு நடைமுறைக்கு வருமாயின், அந்தக் கணக்கில் முதலில் தோற்பவர்கள் நாமே.

அங்ஙனமாயின் தமிழுக்காக நாம் வாய் திறத்தலே கூடாதோ? கூடும். பஞ்சாபில் இந்தி மொழியைக் காப்பது பற்றி எழுந்த ஒரு தேர்தல் வழக்கில், மொழியைப் பாதுகாப்பதாக வாக்குறுதி தருவது முறைகேடு ஆகாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறுபான்மை மொழிக் குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவும் கூறுகின்றது. ஆதலின், "நீர் தமிழரா?" என்று வேட்பாளரைக் கேட்க வேண்டா. "எம் குழந்தைகளின் தாய்மொழிக் கல்விக்கு நீர் என்ன செய்வீர்?" என்று கேட்போம். கன்னடராயினும் உருதுமொழியினராயினும், இக்கேள்விக்கு நேர்மையாக விடையளிப்பவர் நம்மவரே.

அவர் பேசும் ஒழுக்கத்தை அளக்கவும் ஒரு கோல் நம் கையில் உண்டு. ஒவ்வொரு வேட்பாளரும் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்பது 2003 முதல் நிலைத்துவிட்ட விதி. அது யாவரும் பார்க்கக் கூடியது. மேடைப் பேச்சை ஒரு மணி நேரம் கேட்கும் நாம், அப்பத்திரத்தைப் பத்து நிமிடம் படித்ததுண்டா? தெரிந்து தெளிதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செயலையே உரைகல்லாக வைத்தார். அவ்வுரைகல்லை வீட்டுப் பேழையில் பூட்டி வைத்துப் பயனென்ன?

செங்கற்பட்டுச் சீமையில் பிறந்து இங்கு திவானாக இருந்த ரங்காச்சார்லு, 1881-இல் மைசூர்ப் பிரதிநிதிகள் சபையைத் தொடங்கி வைத்தார். அவர் பெயரால் இந்நகர மண்டபம் இன்றும் நிற்கின்றது. எங்கிருந்து வந்தார் என்பதற்காகவன்று, இங்கு என்ன செய்தார் என்பதற்காகவே இவ்வூர் அவரைப் போற்றுகின்றது. நம்மை ஊரார் அளக்க வேண்டும் என்று நாம் விரும்பும் அளவும் அதுவேயன்றோ? அதே அளவால் நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரை நாமும் அளப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க இந்நாடு!