படிக்காமலே பாராட்டும் ஆய்விதழ்கள்



தோட்டப்புறத்தில் பிறந்து, பெற்றோரின் உழைப்பில் படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். பட்டம் பெறுவதற்கு முன் கட்டுரை ஒன்று ஆய்விதழில் வெளிவர வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். உபகாரச் சம்பளம் முடிய இன்னும் சில மாதங்களே உள்ளன. அந்த நேரம் பார்த்து ஒரு மின்னஞ்சல் வருகிறது.

‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே! தங்கள் ஆய்வைக் கண்டு வியந்தோம். எங்கள் அனைத்துலக ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புங்கள். ஐந்தே நாளில் முடிவு தெரிவிப்போம்.’

அவர் இன்னும் பேராசிரியர் ஆகவில்லை. இருந்தாலும் மனம் குளிர்கிறது. கட்டுரையை அனுப்புகிறார். மூன்றாம் நாளே ஏற்றுக்கொண்டதாகப் பதில் வருகிறது. கூடவே, சில நூறு அமெரிக்க டாலர் கட்டும்படி ஒரு பில்லும் வருகிறது. வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால், அவருடைய கட்டுரையை அங்கே ஒருவரும் படிக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது.

நல்ல ஆய்விதழ் என்ன செய்கிறது? வந்த கட்டுரையை அதே துறை அறிந்த இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. அவர்கள் குறை சொல்வார்கள், திருத்தச் சொல்வார்கள், வேண்டாம் என்றும் சொல்வார்கள். இதற்கு மாதக் கணக்கில் ஆகலாம். அந்தச் சோதனையைத் தாண்டி வந்ததால்தான் கட்டுரைக்கு மதிப்பு. இந்தச் சோதனையை நடத்துவதாகச் சொல்லிவிட்டு, நடத்தாமலே பணம் வாங்குபவைதான் போலி ஆய்விதழ்கள். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் 2010 வாக்கில் இவற்றை ‘இரை தேடும் இதழ்கள்’ என்ற பொருளில் அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை 2013இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளிக்கொணர்ந்தது. ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், புற்றுநோய்க்கு மருந்து கண்டதாக ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்தார். எழுதியவர் பெயரும் பொய், அவருடைய ஆய்வு நிலையமும் பொய். வேதியியல் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கக்கூடிய தவறுகளை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 98 இதழ்கள்தான் மறுத்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆய்வின் நெறிமுறைச் சிக்கலைச் சுட்டிக்காட்டி, கட்டுரையைத் திருப்பி அனுப்பியது ‘பிளாஸ் ஒன்’ என்ற இதழ். அதுவும் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் இதழ்தான். ஆகவே, பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. கட்டணத்தை முன்கூட்டியே சொல்கிறதா, கட்டுரையை உண்மையில் படிக்கிறதா என்பதே கேள்வி.

போனது பணம் மட்டும் என்றால் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஒருமுறை வெளிவந்த கட்டுரையை வேறு நல்ல இதழுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் ஒரே கட்டுரையை இருமுறை வெளியிட்ட குற்றம் வரும். மூன்று நான்கு ஆண்டு உழைப்பு அங்கேயே முடங்கிப்போகிறது. திரும்பக் கேட்டாலும் எளிதில் கொடுப்பதில்லை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. கட்டுரைகள் முறையாக மதிப்பாய்வு செய்யப்படுவதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை மறைத்தது, கட்டுரையைத் திரும்பப் பெற விடாமல் தடுத்தது ஆகியவை குற்றச்சாட்டுகள். 2019 மார்ச்சில் 5 கோடியே 1 லட்சம் டாலர் செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது.

பாதிப்பு ஆய்வாளரோடு நிற்பதுமில்லை. ‘ஆய்வு நிரூபித்துவிட்டது’ என்று சொல்லி ஒருவர் நீரிழிவு மருந்து விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காட்டும் கட்டுரை எவரும் படிக்காமல் அச்சேறியதாக இருந்தால், அதை நம்பி மருந்து சாப்பிடுபவரின் கதி என்ன?

சரி, எப்படித் தப்பிப்பது?

முதலில், அந்த இதழில் வந்த இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். பிழை மலிந்திருந்தால், மீன் வளர்ப்பும் வங்கித் துறையும் ஒரே இதழில் காரணமின்றிக் கலந்திருந்தால், ஒதுங்கிவிடுங்கள். சில நாளில் முடிவு என்ற வாக்குறுதியே ஓர் எச்சரிக்கைதான்.

இரண்டாவது, ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற பட்டியல்களில் இருப்பதாக இதழ் சொன்னால் அப்படியே நம்பாதீர்கள். சின்னத்தை ஒட்டிக்கொள்ள யாராலும் முடியும். அந்தப் பட்டியலின் சொந்த அகப்பக்கத்திற்கே சென்று தேடுங்கள். முன்பு இருந்து, பிறகு நீக்கப்பட்ட இதழ்களும் உண்டு. மலேசிய இதழ் என்றால் ‘மைசைட்’ பட்டியலைப் பாருங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் வெறும் அடையாள எண்தான். அது தரச் சான்றிதழ் அல்ல.

மூன்றாவது, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் உண்மையானவர்களா என்று பாருங்கள். போலந்து ஆய்வாளர்கள் ‘அன்னா ஒ. ஷுஸ்ட்’ என்ற கற்பனைப் பெண்மணிக்கு ஆசிரியர் பதவி கேட்டு 360 இதழ்களுக்கு விண்ணப்பித்தார்கள். போலந்து மொழியில் அந்தப் பெயருக்கு மோசடிக்காரர் என்றே பொருள் வரும். 48 இதழ்கள் பதவி தந்தன. இது 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

நான்காவது, மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டி உள்ளே போகாதீர்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி, அதைப் போலவே இன்னோர் அகப்பக்கம் அமைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பட்டியல்களை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. பீல் வைத்திருந்த பட்டியல் 2017 ஜனவரியில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. தரமான திறந்தநிலை இதழ்களைத் தொகுக்கும் டோவாஜ் பட்டியலே விதிகளைக் கடுமையாக்கி, மறுவிண்ணப்பம் செய்யாத சுமார் 3,300 இதழ்களை 2016இல் நீக்கியது. ஆகவே, அனுபவம் உள்ளவரிடம் கேட்பதுதான் பெரிய பாதுகாப்பு. மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். பல்கலைக்கழக நூலகரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தெரியாமல் அனுப்பிவிட்டீர்களா? பணம் கட்டாதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுத்துமூலம் தெரிவித்து, அதன் பிரதியை வைத்துக்கொண்டு, அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் சிக்கல் வளரும்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை கட்டுரை என்று மட்டும் எண்ணினால், எண்ணிக்கையை விற்பவன் வாசலில் வந்து நிற்பான். கட்டுரையைப் படித்துப் பார்த்து மதிப்பிட்டால் அவனுக்கு வியாபாரம் இல்லை.

அந்த மாணவிக்கு ஒரு நல்ல இதழ், ‘இந்தப் பகுதி சரியில்லை, திருத்தி அனுப்புங்கள்’ என்று பதில் எழுதினால், அன்று அவர் மனம் வாடலாம். ஆனால், முன்பின் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கி அவருடைய உழைப்பைப் படித்திருக்கிறார். மூன்று நாளில் வந்த பாராட்டில் கிடைக்காதது அதுதான்.