வியாழன் மாலையும் வீட்டுத் துப்புரவும்

கிழக்கே கடல், மேற்கே வயல், இடையிலே ஒடுங்கிய மணற்றரை. அம்மணற்றரையின்மீது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்கள், இடையிடையே தமிழ்க் கிராமங்கள் விளங்க, ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்திருக்கின்றன. இவ்வூர்களில் வீட்டைத் துப்புரவு செய்வது ஒருநாளும் முடிந்துபோகும் வேலையன்று. காலையிலே கூட்டிய திண்ணையில் பிற்பகலிலே கால் வைத்தால் மணல் நறநறக்கும். ஈரத் துணியாற் காலையில் துடைத்த யன்னற் கம்பியில் மாலைக்குள் உப்புக்காற்றுப் படிந்துவிடும். மாரி பிறந்தாலோ முற்றமெங்கும் நீர் தேங்கி நிற்கும். இத்தகைய நிலத்திலே, வேலை மிகுந்த ஒரு குடும்பம் தன் வீட்டைக் கிழமைதோறும் எவ்வாறு துப்புரவாக வைத்துக்கொள்ளலாம் என்பதே இப்பேச்சின் பொருள்.

முன்னாளில் இவ்வினா எழவில்லை. அக்காலத்து வீடு ஓரிரண்டு அறைகளும் அடுப்படியும் கொண்ட சிறு வீடு. உம்மாவும் உம்மும்மாவும் மணமாகாத பெண்மக்களும் பகல் முழுவதும் வீட்டிலே இருந்தனர். அடுத்த வளவிலே தாயின் சகோதரிமார் வாழ்ந்தனர். வேலை வந்தபோது கைகளும் வந்தன. இன்று வீடு பெருத்துவிட்டது. வீட்டிலிருக்கும் கைகளோ குறைந்துவிட்டன. ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாய் பாடசாலை ஆசிரியை. தந்தைக்குக் கல்முனைக் கடைத்தெருவில் வியாபாரம். மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரு சிறுவர்கள் காலையிற் பாடசாலைக்கும் மாலையில் குர்ஆன் மதரசாவுக்கும் போகின்றனர். முதுமை எய்திய உம்மும்மா ஒருவர் உண்டு. இவ்வீட்டில் ஐந்து நாளும் தூசி சேர்கிறது. சனிக்கிழமை வந்ததும் தாய் ஒருத்தியே விடியலிலிருந்து அஸர் வரையில் கழுவிக் களைத்துப்போகிறாள். அவளுக்குக் கிடைத்த ஓய்வு நாள் அவ்வாறே தீர்ந்துபோகிறது.

இச்சுமை அவள் தலையில் மட்டும் விழுவதற்கு ஒரு காரணம் இப்பகுதியின் குடும்ப அமைப்பிலேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் வீடு என்பது பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது. மணமகனே மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்கிறான். தாய்வழியாக எண்ணப்படும் குடிமுறையும் இம்மரபோடு சேர்ந்தது. அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு முதலாக ஆராய்ச்சி செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலறிஞர், 2008ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். பெண்ணுக்கு வீடு உரிமையாவது பெருமைக்குரிய மரபு. ஆயினும், வீடு அவளுடையதாதலின் விளக்குமாறும் அவளுடையதே என்று ஆண்மக்கள் கருதிவிடுவது அம்மரபின் பயன் ஆகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருந்த நேரத்திலே தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்றும், தொழுகைக்கு நேரம் வந்ததும் எழுந்து சென்றார்கள் என்றும் ஆயிஷா நாயகி அவர்கள் அறிவித்த செய்தி ஊரார் யாவரும் கேட்டதே. அதனைக் கேட்ட ஆண்மகனுக்கு முற்றம் கூட்டுவதிலே நாணம் வேண்டுவதில்லை.

இனி, கிழமை முறை என்று வரையறுப்பது எதற்காக? பத்து நாளுக்கு ஒருமுறை, அல்லது மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஆகாதோ? தூசிக்கும் ஒட்டறைக்கும் அது பொருந்தலாம், தண்ணீருக்குப் பொருந்தாது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு நம் நாட்டு வெப்பத்திலே முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. ஏழு நாளுக்கு ஒருமுறை நீர் தேங்கும் கலங்களை ஊற்றிக் கழுவிவிட்டால், சிறகு முளைக்கும் முன்னரே அதன் வாழ்வு முடிகிறது. பதினைந்து நாள் விட்டுவிட்டால் ஒரு தலைமுறை நுளம்பு பறந்து போய்விடும்.

2017ஆம் ஆண்டை இந்நாடு எளிதில் மறவாது. அவ்வோராண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர் எனப் பதிவாயினர். 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிழக்குக் கரையிலோ வடகீழ்ப் பருவமழை பெய்து ஓயும் காலமே அஞ்சத்தக்க காலம். அந்நோயைத் தீர்ப்பதற்கென்று தனி மருந்து இல்லை. அதனைத் தடுக்கும் வழி பெரும்பாலும் வீட்டாரின் கையிலேயே இருக்கிறது.

இந்நுளம்பைப் பற்றி மூன்று செய்திகளை நினைவில் வைத்தல் வேண்டும். முதலாவது, அது சாக்கடையை நாடுவதன்று. தெளிந்த நீரையே பெரிதும் விரும்புவது. ஆதலின், தரை பளிங்குபோல் துலங்கும் வீட்டிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்துத் தட்டிலே தேங்கிய நீரில் அது வளரக்கூடும். இரண்டாவது, அது முட்டையிடுவது நீர்மட்டத்தை ஒட்டிய கலத்தின் உட்சுவரிலே. அம்முட்டை நீரின்றிக் காய்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. தும்பினால் உட்சுவரை அழுத்தித் தேய்த்தல் இன்றியமையாதது. மூன்றாவது, அது கடிப்பது பெரும்பாலும் பகலிலே. இரவில் வலை கட்டித் தூங்குவதால் மட்டும் பிள்ளைகளைக் காத்துவிட முடியாது.

இவற்றை எண்ணிப் பார்க்குமிடத்து, கிழமை முறையிலே முதலிடம் பெறவேண்டியது விருந்தினர் கண்ணிற்படும் முன்கூடமன்று. ஒருவர் கண்ணிலும் படாத தண்ணீரே என்பது புலனாகும்.

அம்முறைக்கு உகந்த நாளும் இவ்வூர்களில் ஏற்கனவே அமைந்திருக்கிறது. வியாழன் பொழுது சாய்ந்ததும் வெள்ளி இரவு பிறந்துவிடுகிறது. அன்று மஃரிபுக்கு முன்னர் முற்றம் கூட்டி, வீட்டை ஒதுக்கி, சாம்பிராணி புகைப்பது பல வீடுகளில் பழகிய வழக்கம். மறுநாள் ஜும்ஆவுக்காகக் குளித்து, நல்லுடை தேடி உடுப்பதும் அவ்வாறே. புதிதாக ஒரு நாளைக் குறித்து, அதனை நினைவிற் கொள்ளப் பாடுபட வேண்டுவதில்லை. பழகிய வியாழன் மாலையோடு தண்ணீர் வேலையையும் சேர்த்துக்கொண்டாற் போதும்.

எடுத்துக்காட்டாகச் சொன்ன குடும்பம் தன் கிழமையைப் பின்வருமாறு பங்கிட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பெரிய வேலைக்குரியது. ஆனால், நாள் முழுவதற்கும் உரியதன்று. வீட்டார் அனைவரும் சேர்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடியும். மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வெளியாக, உலர்ந்ததன் பின் ஈரமாக என்பதே அவ்வேலையின் ஒழுங்கு. முதலில் ஒட்டறை அடித்தல், பிறகு யன்னலும் தளபாடமும் துடைத்தல், பிறகு தும்புத்தடியாற் கூட்டுதல், கடைசியிலே கழுவுதல். மணலைக் கூட்டி அகற்றாமல் ஈரத் துணியை இழுத்தால் தரையிற் கீறல் விழும், வேலையும் இரட்டிக்கும். யன்னற் கம்பிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பின் உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் உப்பினால் வரும் துருப் பிடிப்பது குறையும்.

ஞாயிறு, பாயும் தலையணையும் வெயிலுக்குரிய நாள். திங்கள், அடுப்படித் தட்டுகளும் குளிர்சாதனப் பெட்டியும். செவ்வாய், குளியலறையும் மலசலகூடமும். புதன், பழைய தாள், பொலித்தீன், வெற்றுப் போத்தல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தல். இந்நான்கும் ஒவ்வொரு நாளும் கால் மணி நேரத்துக்கு மேற்படாத வேலைகள். தாமதித்து வீடு திரும்பிய நாளில் ஒன்று தவறினும் குற்றமில்லை. அடுத்த கிழமை அது மீண்டும் வரும்.

வியாழன் தண்ணீருக்குரிய நாள், இதுவொன்றே தவறலாகாதது. வெள்ளிக்கிழமை ஓய்வு. அன்றாடச் சமையலும் பாத்திரமும் தவிர வேறு துப்புரவு வேலை அன்று வேண்டாம். ஓய்வுக்கென ஒரு நாள் இல்லாத முறை ஒரு மாதமேனும் நிலைத்ததில்லை என்பது இல்லம் நடத்தியோர் அறிந்த உண்மை.

வியாழன் மாலையில் நடக்கவேண்டியவை எவை? குளியலறைத் தொட்டியையும் வாளிகளையும் வெறுமையாக்கித் தும்பினால் தேய்த்தல். பூச்சாடியின் நீரை மாற்றி அடித்தட்டைக் கழுவுதல். குளிர்சாதனப் பெட்டியின் தட்டை வழித்தல். தண்ணீர்த் தாங்கியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தல். கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அகற்றுதல். அடுத்து முற்றம். சிரட்டை, உடைந்த குடம், பழைய டயர், பிளாஸ்டிக் கோப்பை ஆகியன அங்கே ஒளிந்திருக்கும். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டிகளை எறிய மனமின்றி வேலியோரம் அடுக்கி வைப்பது இப்பகுதியின் வழக்கம். மழைக்காலத்தில் அச்சட்டி ஒவ்வொன்றும் ஒரு நுளம்புத் தொட்டில். அவற்றைக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். ஊற்றி வெறுமையாக்க முடியாத கிணற்றிலும் பள்ளிவாசல் ஹவுளிலும் குடம்பி தின்னும் சிறு மீன்களை விடலாம்.

வேலையைப் பகிர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘எல்லாரும் உதவி செய்யுங்கள்’ என்றால் எவரும் செய்யார். ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தைப் பொறுப்பாக்கிவிடல் வேண்டும். ஏணியில் ஏறிப் பீலி பார்ப்பது தந்தைக்கு. குளியலறைத் தொட்டி மூத்த மகளுக்கு. முற்றத்துச் சிரட்டையும் சட்டியும் சிறுவர் இருவருக்கும். உம்மும்மாவால் குனிய இயலாது; ஆயினும், கதிரையில் அமர்ந்தபடி பேரப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் சட்டிகளை எண்ணிக் கணக்கு வைக்க அவருக்கு இயலும். அவருடைய கண்ணுக்குத் தப்பிய சட்டி அவ்வளவில் இராது. தாய்க்கு எஞ்சுவது குளிர்சாதனப் பெட்டித் தட்டும் பூச்சாடியுமே. ஐவர் செய்தால் அரை மணி நேரத்திற் தீரும் வேலை அது.

தொழிலுக்கேற்ப இம்முறையைச் சிறிது மாற்றிக்கொள்ளவும் வேண்டும். மருதமுனையில் தறி உள்ள வீட்டிலே நூற்பஞ்சு எங்கும் படியும். அதனை விளக்குமாற்றாற் கிளப்பினால் மூச்சோடு உட்செல்லும். ஈரத் துணியால் ஒற்றி எடுப்பதே நன்று. மீன்பிடிக் குடும்பத்தில் ஆண்கள் விடியற்காலையிற் கரை சேர்ந்து பகலில் உறங்குவர். அவ்வீட்டில் ஓசைமிக்க வேலைகளை மாலைக்கு ஒதுக்கலாம். அறுவடை முடிந்து நெல்மூடை வந்திறங்கிய வீட்டில், மூடைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பலகைமீது அடுக்கினால் எலி பதுங்க இடமிராது; கூட்டுவதற்கும் வழி இருக்கும்.

மலசலகூடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வெண்மையாக்கும் குளோரின் திரவத்தையும், கறை போக்கும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகக் கலந்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் எனச் சிலர் எண்ணுவர். அவ்விரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும். பூட்டிய சிறு அறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாளில் ஒன்றையே பயன்படுத்துவதும், கதவையும் யன்னலையும் திறந்து வைப்பதும் நன்று.

வீட்டிலிருந்து வெளியேறிய குப்பை எங்கே போகிறது என்பதும் துப்புரவின் ஒரு பகுதியே. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் மாண்ட செய்தி 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் பேசப்பட்டது. காய்கறித் தோலையும் மீன் கழிவையும் வளவிலே குழி வெட்டிப் புதைத்து, பொலித்தீனைத் தனியே கட்டிவைக்கும் வீடு, தன் முற்றத்தை மட்டுமன்றித் தொலைவிலுள்ள காட்டையும் காக்கிறது.

கடைசியாக, ஒரு வீடு தனித்துத் துப்புரவாக இருக்க இயலாத ஊர்கள் இவை. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கிக் கரையோர வீடுகளை அழித்தபின், பல குடும்பங்கள் உள்ளே நகர்ந்தன; வளவுகள் மேலும் நெருங்கின. இன்று ஒரு வீட்டின் மதிலே மறு வீட்டின் சுவராக இருக்கிறது. டெங்கு நுளம்பு பிறந்த இடத்தைவிட்டு நெடுந்தூரம் பறப்பதில்லை. ஆனால், மதில் தாண்டப் பறக்கும். பிள்ளை காய்ச்சலிற் படுத்த வீட்டில் ஒரு சிரட்டையும் இல்லாதிருக்கலாம். அடுத்த வளவிலே, வீட்டார் வெளிநாட்டிலிருப்பதால் பூட்டிக் கிடக்கும் வீட்டின் தாங்கி திறந்து கிடக்கலாம். நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்வரை காத்திராமல், பூட்டிய வீட்டின் திறப்பை ஓர் உறவினரிடம் ஒப்படைத்துச் செல்வதும், வியாழன் மாலை அவர் ஒருமுறை சென்று பார்ப்பதும் அயலார்க்குச் செய்யும் பெரிய உபகாரமாகும்.

பெரிய திட்டத்தோடு தொடங்குவது வேண்டாம். வருகின்ற வியாழக்கிழமை, மஃரிபு பாங்குக்கு அரை மணி நேரம் முன்னதாக, வீட்டார் அனைவரும் முற்றத்தில் இறங்கட்டும். தண்ணீர் வேலை ஒன்றை மட்டும் அன்று செய்யட்டும். நான்கு கிழமை அது நிலைத்தால், சனிக்கிழமை வேலையை ஐவரும் பகிர்ந்துகொள்வது தானே எளிதாகும். அப்போது அவ்வீட்டுத் தாய்க்கு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருக்கும். சனிக்கிழமையிலும் பாதி அவளுக்கு மீதியாகும்.